வெள்ளைக் குதிரைக்காரர் சொன்ன வைத்தியம்

சூலே பயா புத்தர் கோயில் முனையில் அந்த வெள்ளைக் குதிரையைக் கண்டதுமே எனக்குப் பொறி தட்டிவிட்டது.

அக்கா மகனுக்குக் கக்குவான் இருமல். வெள்ளிக்கிழமை அவர்களுக்கு ஊருக்குக் கப்பல். துறைமுகத்து டாக்டர் முன்னால் குழந்தை ஒருமுறை இருமினால் போதும், தாயும் பிள்ளையும் திரும்பி வரவேண்டியதுதான். நாகப்பட்டினத்தில் காத்திருக்கும் அத்தானோ மகன் முகத்தையே இன்னும் பார்த்ததில்லை.

இன்சீன் ரயில்வே பட்டறையில் எங்கள் போர்மன் துரை அயர்லாந்துக்காரர். லீவு கேட்டுப் போன எனக்குக் கையெழுத்துப் போடாமல், தம் கிராமத்து வைத்தியத்தைச் சொன்னார்: வெள்ளைக் குதிரைமேல் வருகிறவனிடம் மருந்து கேள், அவன் வாயில் வருவது எதுவோ அதைச் செய். பூனை அடுப்புக்கு முதுகு காட்டி உட்கார்ந்தால் புயல் என்றும் சொன்னார். இன்டர்மீடியட் வரை படித்தவன் நான், உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன்.

இரண்டாம் நாள் அக்காவின் பூனை அடுப்புக்கு முதுகு காட்டியது. சாயங்காலம் அடித்த காற்றில் எங்கள் கூரைத் தகரம் பறந்துபோய் அடுத்த தெருவில் மீன்குழம்புச் சேமியா விற்கும் மொஹிங்காக் கடைமேல் உட்கார்ந்தது. நல்ல நிழலாக இருக்கிறதென்று கடைக்காரர் திருப்பித் தரவில்லை. பூனை விஷயத்தில் சரியாகச் சொன்னவர் குதிரை விஷயத்தில் மட்டும் பொய்யா சொல்லியிருப்பார்?

ஆனால் இந்தக் குதிரை ஜட்காவில் பூட்டியிருந்தது. வண்டிக்காரர் கீழக்கரை பாய். வண்டியில் இருந்தபடி சொன்னால் பலிக்குமா? கெஞ்சிக் கூத்தாடி, வண்டியை அவிழ்த்து, பாயைக் குதிரைமேல் ஏற்றினேன். இருபது வருஷம் வண்டி ஓட்டியவர் குதிரைமேல் ஏறியது அன்றுதான். குதிரைக்கும் அது புது அனுபவம், பாய்ந்து ஓடியது. குடையும் கையுமாகப் பின்னால் ஓடிக்கொண்டே கக்குவானுக்கு என்ன மருந்து என்று கேட்டேன்.

"மொதல்ல என்னய எறக்கிவுடு தம்பி, ஒனக்குப் புண்ணியமாப் போவும்."

மூன்று வண்டிக்காரர்கள் சேர்ந்து குதிரையை மறித்தார்கள். சொன்னபடியே பாயை இறக்கிவிட்டு, வைத்தியம் முடிந்த தெம்பில் வீட்டுக்கு ஓடினேன்.

அக்கா கேட்டாள்: "என்ன செய்யச் சொன்னாரு?"

"எறக்கிவிடச் சொன்னாரு."

"எறக்கிட்டியா?"

"எறக்கிட்டேன்."

"அப்ப பாய்க்கு இனிமே இருமல் வராது."

தொட்டிலில் குழந்தை இருமியது.

துரையைப் போய்க் கேட்டேன். இன்னொரு வழி இருக்கிறதாம்: குழந்தையைக் கழுதையின் வயிற்றுக்கடியில் மூன்று தடவை நுழைத்து எடுப்பது. வெள்ளிக்கு இன்னும் மூன்று நாள். சலவைக்காரரிடம் கழுதைக்குச் சொல்லியாயிற்று. அக்காவும் சம்மதித்துவிட்டாள், ஒரே நிபந்தனையோடு: முதலில் நான் நுழைந்து காட்ட வேண்டும். நாளை காலை நூல்கயிறு எடுத்துப்போய்க் கழுதையின் உயரத்தை அளக்கிறேன்.