தன் வீட்டுக்கே விருந்தாளியானவர்

கறார் என்றால் அந்த வட்டாரத்தில் குளிர்சாதன மெக்கானிக் ஒருவரைத்தான் குறிக்கும். திருகாணியை ஒரு சுற்றுச் சுற்ற வேண்டிய இடத்தில் மூன்று சுற்றுச் சுற்றுவார், அப்படி ஒரு மனுஷன்.

குளிர்க்கிடங்குகளைப் பராமரிப்பது தொழில். ஒரு கம்ப்ரசர் நின்றால் ஊரார் சரக்கு அத்தனையும் அழுகும், நஷ்டஈடு கேட்டு வழக்கு வாசலுக்கு வரும். அந்தப் பயத்தில், தொழில் ஓகோவென்று நடந்த காலத்திலேயே வீட்டை டிரஸ்டுக்கு எழுதிவிட்டார். இனி அதைத் திரும்பப் பெற முடியாது. மனைவி பொறுப்பாளர், பலன் இரண்டு பிள்ளைகளுக்கு. கடன்காரன் அவர் சட்டையைப் பிடிக்கலாம், வீட்டைத் தொட முடியாது. வக்கீல் ஒன்றை மட்டும் அழுத்திச் சொன்னார்: வீட்டுக்காரர் மாதிரி நடந்துகொண்டால் கோர்ட் இதை வெறும் நாடகம் என்று தள்ளிவிடும்.

வேறு ஆளாயிருந்தால் தலையாட்டிவிட்டு வீட்டுக்குப் போய்க் காலை நீட்டிப் படுத்திருப்பார். இவர் கறாராயிற்றே! அன்று முதல் மணியடித்துவிட்டுத்தான் உள்ளே வந்தார். மின்விசிறி போடவும் மனைவியைக் கேட்டார். துணிமணிகளைத் தன் பட்டறைக்கு மாற்றினார், சுவரிலிருந்த தன் படத்தைக் கழற்றினார். பிள்ளைகள் முதலில் கேலி செய்தார்கள். பிறகு கேலி நின்றது. மேசையில் நாலாவது தட்டு வைப்பதும் நின்றது. ஒருநாள் அவர் கூடத்தில் உட்கார்ந்திருக்கும்போதே மகள் விளக்கை அணைத்துவிட்டுப் போனாள். கவனிக்காமல் இல்லை, அவர் இருந்த நாற்காலியைப் பார்த்துவிட்டுத்தான் அணைத்தாள். விளக்கைத் தானே போட உரிமையில்லை என்று அவர் இருட்டிலேயே உட்கார்ந்திருந்தார்.

பயந்தபடியே ஒரு கிடங்கில் சரக்கு கெட்டது, வழக்கு வந்தது. வீடு உண்மையில் அவர் கையில்தான் இருக்கிறது என்றது எதிர்த்தரப்பு. பள்ளி விடுமுறையில் ஒரு காலை கோர்ட் அதிகாரி வந்து அறை அறையாகப் பார்த்தார். அலமாரி, குளியலறை, கட்டிலுக்கு அடியில்கூட. கறாரின் தலைமுடி ஒன்றுகூட அகப்படவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு கதவோரம் நின்றவரை அதிகாரியின் கண் தாண்டிப் போனது.

"உங்க வீட்டுக்காரர் எந்த ரூம்ல படுப்பாரும்மா?" என்று கேட்டார் அதிகாரி.

மனைவி நெற்றியைத் தேய்த்தாள். பிள்ளைகளைப் பார்த்தாள், அவர்களும் திருதிருவென்று விழித்தார்கள். அதிகாரி எதையோ எழுதிக்கொண்டு கிளம்பினார். இனி வீட்டுக்கு ஆபத்தில்லை என்று வக்கீல் மதியமே போனில் சொல்லிவிட்டார்.

கறாருக்குத் தலைகால் புரியவில்லை. இத்தனை வருஷக் குடித்தனத்தில் இந்தத் திறமையை எங்கே ஒளித்து வைத்திருந்தாள்! பிரமாதமாக நடித்தாய் என்று மெச்சினார்.

குரல் வந்த பக்கம் அவள் மெல்லத் திரும்பினாள். கண் கலங்கியிருந்தது.

"நடிக்கலங்க. நெஜமாவே ஞாபகம் வரல. நீங்க எங்கதான் படுக்கிறீங்க?"

சொல்ல வாயெடுத்தார். அவருக்கும் தெரியவில்லை.