அழிந்துகொண்டே இருந்த படம்

நம்பாதவர்கள் தாராளமாகச் சிரித்துக்கொள்ளுங்கள். 2003 ஜூலையில், ராயபுரத்தில் நான் வேலை பார்த்த ஸ்டூடியோவில், பட்டப்பகலில் என் கண்ணால் பார்த்தது இது.

எங்கள் தெரு ஐரீன் ஆன்ட்டியின் மகன் பென்னி காசிமேட்டிலிருந்து மீன் பிடிக்கப் போனவன், போட்டிலிருந்து தவறிக் கடலில் விழுந்துவிட்டான். உடல் கிடைக்கவில்லை. ஆன்ட்டி ஸ்டூடியோவுக்கு வந்ததற்கு மறுநாள் முப்பதாம் நாள் பூசை. மாதா கோயிலில் கொடுக்கும் நினைவு அட்டைக்கு அவன் படம் வேண்டும். உருப்படியான ஒரே படம் எங்கள் கம்ப்யூட்டரில்தான் இருந்தது, பாஸ்போர்ட்டுக்கு எடுத்தது.

மதியம் 2.40. ஃபோல்டரைத் திறந்தேன். படம் இல்லை.

சாஃப்ட்வேர் ஏற்றியபின் மிஞ்சும் பழைய ஃபைல்களை அழிக்க ஒரு சின்ன புரோகிராம் போட்டு வைத்திருந்தேன். அது படங்கள் பக்கமே போகக்கூடாது. போயிருக்கிறது. அதுவும் அந்த ஒரு படத்துக்காக மட்டும்.

அழிந்த ஃபைலை மீட்க எனக்குத் தெரியும். மீட்டேன். பென்னியின் முகம் வந்தது. பிரிண்ட் கொடுப்பதற்குள் மறுபடி காணோம்.

புரோகிராமை நிறுத்திவிட்டு மீட்டேன். போய்விட்டது.

புரோகிராமையே தூக்கி எறிந்தேன். அப்போதுதான் காதில் விழுந்தது... பீப்... பீப்... ஸ்பீக்கர் ஒயரைப் பிடுங்கினேன். சத்தம் நிற்கவில்லை.

"இன்னா கண்ணு, வரலியா?" என்றார் ஐரீன் ஆன்ட்டி.

"வருது ஆன்ட்டி... நிக்க மாட்டேங்குது."

"அவனுக்கு இஷ்டமில்ல போலகீது. வுட்டுடு."

"அட்டை இல்லாம பூசையா? நீ போடு நைனா," என்றார் கூட வந்திருந்த அவர் தம்பி செல்வநாதன்.

எனக்குப் பயம்தான், வேறென்ன.

மீட்டேன். போனது.

மீட்டேன். போனது.

பீப்... பீப்...

3.52.

பீஈஈஈ...

நின்றது.

படம் அப்படியே இருந்தது. நூறு அட்டை அடித்துக் கொடுத்தேன்.

ஆகஸ்டில் நெல்லூரிலிருந்து போலீஸ் வந்தது. அந்தப் பக்கத்துப் போட்டுக்காரர்கள் கடலிலிருந்து ஒருவனைத் தூக்கி ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். இதயத் துடிப்பு காட்டும் மிஷினோடு ஒரு மாதம் நினைவில்லாமல் கிடந்திருக்கிறான். பேர் தெரியாது. கையில் 'ஐரீன்' என்று பச்சை குத்தியிருந்ததை வைத்துத்தான் விசாரித்து வந்தார்களாம்.

அவன் உயிர் போனது பூசைக்கு முந்தின நாள். பிற்பகல் 3.52.

போலீஸ் வந்த அன்று சாயந்திரம் ஐரீன் ஆன்ட்டி ஸ்டூடியோவுக்கு வந்தார். மீதி அட்டைகளை என் மேஜையில் வைத்தார்.

"நாம அட்டை போட்டுகினு இருந்தப்ப... என் புள்ள உசுரோடதான இருந்தான்?"