மேயர் கழுத்தில் என் மட்டை

லண்டன் ஹரோவில் நான் படித்த சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் ஒரு மட்டை, அதாவது காகித அட்டை, இருந்தது. ‘நான் இங்கிலீஷ் கதைத்தேன்’ என்று தடித்த எழுத்தில் எழுதி, கயிறு கோத்து வைத்திருப்பார்கள். ஆங்கிலம் பேசி அகப்படும் பிள்ளையின் கழுத்தில் அது ஏறும். அடுத்த பிள்ளை அகப்படும்வரை இறங்காது. இந்த அருமையான ஏற்பாட்டைக் கண்டுபிடித்தவர் பள்ளியை நடத்திய என் பெரியப்பா. சொந்தக்காரப் பிள்ளைக்குச் சலுகை என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே என்று என்மேல் ஒரு கண் கூடுதலாகவே வைத்திருந்தார்.

எனக்கு ஒன்பது வயதானபோது ஆண்டுவிழாவுக்கு மேயர் அம்மா வந்தார். கனடாவின் வடக்கே ஒரு பழங்குடிக் குடும்பத்தில் பிறந்து, தாதியாக லண்டனுக்கு வந்து, முப்பது வருடம் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்து, பிறகு கவுன்சிலராகி, அந்த வருடத்துக்கு மட்டும் மேயரானவர். “பவர் ஒண்டும் இல்லை, சங்கிலி மட்டும்தான்” என்றார் அப்பா. எனக்கு அந்தத் தங்கச் சங்கிலியே போதும். அவருக்கு மாலை போடப்போவது நான்.

காலை ஒத்திகையில் ‘ஓ மை காட்’ என்று வாய் தவறிவிட்டது. மட்டை ஏறியது. “இன்னும் ஒரு சொல்லு இங்கிலீஷில வந்தால் மாலையை வேற பிள்ளை போடும்” என்றார் பெரியப்பா. விழா அவசரத்தில் மட்டையைக் கழற்ற அவரும் மறந்தார், நானும் மறந்தேன். அப்படியே மேடையேறிவிட்டேன்.

மேயர் குனிந்து, இதில் என்ன எழுதியிருக்கிறது என்று ஆங்கிலத்தில் கேட்டார். ஆங்கிலத்தில் பதில் சொன்னால் மாலை போய்விடும். “நான் இங்கிலீஷ் கதைச்சிட்டன்” என்றேன் தமிழில். மண்டபம் சிரித்தது. மேயர் பெரியப்பாவைப் பார்த்தார். மேடையில் மொழிபெயர்க்க வேறு ஆள் இல்லை. பெரியப்பா பெருமையாகத்தான் தொடங்கினார், முடிக்கும்போது குரல் கீழே போய்விட்டது.

மேயர் சிரிக்கவில்லை. மட்டையை என் கழுத்திலிருந்து எடுத்துச் சங்கிலிக்கு மேலே தானே மாட்டிக்கொண்டார். கூட வந்த, வெள்ளைக் கையுறை போட்ட உதவியாளர் பதறிப்போனார். பிறகு மேயர் தலையைத் தாழ்த்தினார், நான் மாலையைப் போட்டேன்.

ஆறு வயதில் அரசாங்கம் தன்னை வீட்டிலிருந்து பிரித்து ஆங்கில விடுதிப் பள்ளியில் சேர்த்ததையும், அம்மாவின் மொழி பேசியதற்காக வாயில் குளிக்கும் சவர்க்காரக் கட்டியைத் திணித்ததையும் ஒலிவாங்கியில் சொன்னார். தொலைந்த மொழியை நாற்பது வயதில், அக்காவிடம் தொலைபேசியில் ஒவ்வொரு சொல்லாகக் கேட்டுத் திரும்பப் படித்தாராம். அந்த மொழியில் நாலு வார்த்தை பேசி எங்களை வாழ்த்தினார். பெரியவர்கள் கண்ணைத் துடைத்தார்கள். நான் சவர்க்காரத்தின் ருசியை யோசித்துக்கொண்டிருந்தேன்.

மட்டையை அவர் தன்னோடு கொண்டுபோனார். புது மட்டை வரவில்லை. இன்றைக்கு இதைத் தமிழில் எழுத முடிவதற்குப் பெரியப்பாவுக்கு நன்றி சொல்கிறேன். பயமில்லாமல் எழுத முடிவதற்கு அந்த மேயர் அம்மாவுக்கு.

அன்று விழா முடிந்து அம்மாவும் நானும் பெரியப்பாவின் காரில்தான் வீட்டுக்குப் போனோம். அவர் வாசலில் காரை நிறுத்தி, என் பக்கம் திரும்பி, “சாரி, பிள்ளை” என்றார்.

நான் சீட்டில் துள்ளினேன். “பெரியப்பா இங்கிலீஷ் கதைச்சிட்டார்! அம்மா, பெரியப்பா பிடிபட்டிட்டார்!”

“ஓம், பிடிபட்டிட்டன்” என்றார். யாரிடமும் மன்னிப்புக் கேட்டிராத மனிதர் அவர் என்பது எனக்கு அப்போது தெரியாது. நான் கைதட்டிச் சிரித்துக்கொண்டிருந்தேன்.