நான்காம் நிமிடத்தில் நின்ற பாடம்

வகுப்பறைக்குள் கருவிகள் வந்த வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் கருவிகளின் சிறப்பையே எழுதுகின்றனர். ஆசிரியர் செய்த பிழைகள் எழுத்தில் ஏறுவதில்லை. ஏறாத பிழைகளை அடுத்து வருவோர் மீண்டும் செய்கின்றனர். நான் செய்த ஒரு பிழை ஏழு மாணவரைப் பல நாள் தடுத்து நிறுத்தியது. அவருள் ஒரு பெண்ணின் படிப்பு அதனால் அறவே நின்றுபோகவும் கூடும் என்றிருந்தது. நினைவு தெளிவாக உள்ளபோதே அதனைப் பதிந்து வைப்பது என் கடமை எனக் கருதுகிறேன்.

1. ஒரு வாக்குறுதி

கரமனையில் என் வீடு. பணியின் இறுதி ஆண்டுகளில் கல்லாற்றை அடுத்த மலையடிவாரப் பள்ளி ஒன்றில் கணித ஆசிரியராக இருந்தேன். நாள்தோறும் இரண்டு பேருந்து மாறிச் செல்ல வேண்டும். பள்ளியில் மலையாள வழி வகுப்புகளே மிகுதி. பத்தாம் வகுப்பின் தமிழ்ப் பிரிவில் எழுவர் பயின்றனர். எழுவரும் பொன்முடித் தேயிலைத் தோட்டத்தில் லயங்கள் எனப்படும் வரிசை வீடுகளில் வாழ்ந்த தொழிலாளர் பிள்ளைகள்.

அவருள் ஒருத்தி இசக்கியம்மாள். ஓணத்தை ஒட்டி நடக்கும் முதற்பருவத் தேர்வில் கணிதத்தில் தவறினாள். அவள் தந்தை சுடலைமுத்து ஒரு நாள் பள்ளிக்கு வந்து, ஆசிரியர் அறை வாயிலிலேயே நின்றார்.

"உள்ளே வாருங்கள்" என்றேன்.

"வேண்டாம் சார், காலெல்லாம் சேறு. ஒண்ணே ஒண்ணு சொல்லிட்டுப் போறேன். அரைப் பரீட்சையிலயும் கணக்குல தோத்தான்னா மதி சார், படிச்சது போதும். அவ அத்தை திருப்பூர்ல பனியன் கம்பெனியில இருக்கா. ஆளு வேணும், ஆளு வேணும்னு போன் போட்டுக்கிட்டே இருக்கா."

"பத்தாம் வகுப்பை முடிக்கட்டுமே."

"தோக்கப் போறவ முடிச்சா என்ன, முடிக்காட்டி என்ன சார்?"

"அவள் தோற்க மாட்டாள். கணிதம் என் பொறுப்பு."

"சாரு சொன்னா சரி. ஆனா அரைப் பரீட்சை வரைக்கும்தான், கேட்டீங்களா?" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த மாதமே தொடர்மழையில் மலைச்சாலை இடிந்தது. வளைவு ஒன்றில் பாதிச் சாலை பள்ளத்தில் இறங்கிவிட்டது. பேருந்து கல்லாற்றோடு நின்றது. தோட்டத்திற்கு அரிசியும் பருப்பும் ஏற்றிச் செல்லும் ஜீப் மட்டும், வாரத்தில் இரு நாள், ஆளை ஏற்றாமல் போய்வர இசைவு பெற்றிருந்தது. எழுவரும் மேலே, நான் கீழே.

2. பார்க்கப்படாத பதிவு

தலைமையாசிரியர் லதிகா டீச்சர் கொல்லம் பக்கத்தவர். என்னோடு பேசும்போது தமிழை முயன்று பேசுவார்.

"சாரே, அலமாரியில ஏழு டேப்லெட் சும்மா கிடக்கு. மேலே நெட் கிட்டாது. வீடியோ எடுத்து காப்பி பண்ணி ஜீப்புல விடலாமே?"

"எனக்கு அது பழக்கமில்லை, டீச்சர்."

"பழக்கம் எதுக்கு? சார் எப்பவும் போல போர்டுல எடுங்க. போன் தன்பாட்டுக்குப் பிடிச்சுக்கும்."

அவ்வாறே செய்தோம். கடைசி பெஞ்சின்மேல் சாக்குக்கட்டிப் பெட்டியில் அவருடைய கைபேசியைச் சாய்த்து வைத்தோம். வெளிப்புள்ளி ஒன்றிலிருந்து வட்டத்திற்குத் தொடுகோடுகள் வரையும் முறையை இருபத்திரண்டு நிமிடம் கற்பித்தேன். சொற்கள் தெளிவாகவும் தூய தமிழாகவும் அமைந்தன என்ற நிறைவு எனக்கு இருந்தது.

"சார், ஒரு தடவை கண்டு நோக்குங்க" என்றார் டீச்சர்.

மறுத்துவிட்டேன். தன் உருவைத் தானே திரையில் கண்டு மகிழ்வது ஆசிரியருக்கு அழகன்று என்பது அன்றைய என் கொள்கை. அது கொள்கையன்று, கூச்சம் என்பதை இன்று ஒப்புக்கொள்கிறேன். ஏழு பலகைக் கணினிகளும் பிளாஸ்டிக் உறையில் சுற்றப்பட்டு, அரிசி மூட்டைகளுக்கு இடையே மலையேறின.

3. சினம்

அடுத்த வாரம், புதிய பாடம் ஏற்றுவதற்காக அவை கீழே வந்தன. காணொளி எவ்விடத்தில் நிறுத்தப்பட்டதோ அவ்விடத்தைக் கருவி நினைவில் வைத்திருக்கும். படத்தின் அடியில் ஒரு சிவப்புக் கோடு அதனைக் காட்டும். ஒன்றைத் திறந்தோம்: நான்காம் நிமிடம். மற்றொன்று: நான்காம் நிமிடம். ஏழும் சொல்லி வைத்தாற்போல் அங்கேயே நின்றிருந்தன.

"இருபத்திரண்டு நிமிடப் பாடம். நான்கு நிமிடம் கேட்கப் பொறுமையில்லை!" என்றேன்.

"மடி ஒண்ணும் ஆயிருக்காது சாரே. ஏழு பேருக்கும் ஒரே இடத்துல மடி வருமா? வேற எந்தோ காரியம் உண்டு."

சோம்பலைக் குறிக்கும் 'மடி' என்னும் பழந்தமிழ்ச் சொல்லை மலையாளத்தார் நாவில் கேட்பது எனக்கு எப்போதும் மகிழ்ச்சி தரும். அன்று அதற்கும் மனம் இடந்தரவில்லை. அவர் கேட்ட வினாவை எண்ணிப் பாராமல், ஒரு தாள் முழுதும் கடிதம் எழுதினேன். 'கருவி கைக்கு வந்ததும் கல்வியை மறந்தீர்கள்; உங்கள் எழுவரின் நடத்தை என் பணிக்காலத்தில் நான் காணாதது' என்னும் பொருள்பட அது அமைந்தது. இசக்கியின் பெயரைத் தனியே குறிப்பிட்டு, அவள் தந்தைக்கு நான் அளித்த வாக்கையும் நினைவூட்டினேன். புதிய பாடம் ஏற்றாமல் திருப்பியனுப்பிய கருவிகளோடு அக்கடிதமும் ஜீப்பில் போயிற்று.

4. மறுமொழி

நான்கு நாள் கழித்து ஒரே ஒரு பலகைக் கணினி திரும்பி வந்தது. அதில் மாணவர்களே எடுத்த காணொளி ஒன்று இருந்தது. லதிகா டீச்சரும் நானும் சேர்ந்து பார்த்தோம். லயத்தின் முன்னே இசக்கி நின்றாள். பின்னால் மற்றவர்களின் குரல்கள்.

"வணக்கம் சார். கோவிச்சுக்காதீங்க சார்…"

"தைரியமா சொல்லுட்டீ! சாரு அடிக்க வர முடியாது, ரோடு இல்ல" என்றது ஒரு பையனின் குரல். சிரிப்பு எழுந்தது.

"சும்மா இருல. சார், நாங்க படிக்காம இல்ல. இதப் பாருங்க." அவள் மற்றொரு கருவியைக் கேமராவின் முன் பிடித்தாள். அதில் என் பாடம் ஓடியது. "இது மூணே முக்கால் நிமிஷம். போர்டு தெரியுது, வட்டம் தெரியுது. இந்தா சார் நடந்து வர்றாரு. வந்தாச்சு. இனி போர்டு கிடையாது. சாரோட சட்டதான்."

திரையை என் முதுகு அடைத்துக்கொண்டிருந்தது. அதற்கு அப்பால் என் குரல் கம்பீரமாகச் சொல்லிக்கொண்டிருந்தது: 'இதனை மையமாகக் கொண்டு, இவ்வாறு ஒரு வட்டம் வரைந்தால், அது இங்கும் இங்கும் வெட்டும்.'

"எதை மையமா வைக்கிறதுன்னு தெரியல சார். ஏழு பேரும் ஏழு வட்டம் போட்டோம். எது சரின்னு தெரியாம அடுத்தத எப்படிக் கேக்க? ஸ்பீடு கூட்டிப் பாத்தோம், கொறச்சுப் பாத்தோம்…"

"கூட்டுனா சாரு ஆட்டுக்குட்டி மாதிரிப் பேசுதாரு!" என்றது அதே குரல்.

"எப்படிப் பாத்தாலும் சட்டதான் சார். ஸ்கூல்லயும் இப்படித்தான். அங்கன்னா தலையச் சாச்சு எட்டிப் பாத்துக்கிடுவோம். இதுல எட்டிப் பாத்தா எங்க வீட்டுச் செவருதான் இருக்கு." அவள் சிரிக்கவில்லை. "பரீட்சைக்கு இன்னும் பதினாறு நாளுதான் இருக்கு சார். எங்கப்பா நாள எண்ணிக்கிட்டு இருக்காரு. எனக்கு இது தெரிஞ்சாவணும்."

காணொளி முடிந்தது. லதிகா டீச்சர் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்; சிரிப்பை மறைக்கிறார் என்று எண்ணினேன். திரும்பியபோது அவர் முகத்தில் சிரிப்பில்லை. "சாரே, நானும் அப்படித்தான் நிக்கேன். ஆரும் என்கிட்ட சொன்னதில்ல" என்றார்.

முப்பத்தோராண்டுகள் கற்பித்திருந்தேன். அத்தனை ஆண்டும், வட்டத்தின் மிக இன்றியமையாத படியில், மாணவர்கள் தலையைச் சாய்த்துச் சாய்த்து என் குறையை ஈடுசெய்து வந்துள்ளனர். அத்தலைகள் அசைவதைக் கண்டு, கவனமின்மை எனக் கடிந்ததும் உண்டு.

5. கிடுக்கியில் ஒரு கைபேசி

அன்று பிற்பகலே வேதியியல் ஆய்வகத்திலிருந்து ரிட்டார்ட் ஸ்டாண்ட் ஒன்றை எடுத்து வந்தோம். சோதனைக்குழாயைப் பிடிக்கும் கிளாம்பில், அதாவது கிடுக்கியில், கைபேசியைக் கவிழ்த்துப் பொருத்தினோம். அதன் கீழே வெள்ளைத் தாள். தாளின்மேல் என் கை மட்டும். என் முதுகுக்கு அங்கே இடமில்லை. 'இதனை', 'இவ்வாறு', 'இங்கு' ஆகிய சொற்களை விலக்கினேன். மையம் ஓ, வெளிப்புள்ளி பி, ஓ-பி கோட்டின் நடுப்புள்ளி எம், எம்மை மையமாகவும் எம்-ஓவை ஆரமாகவும் கொண்டு இரண்டாம் வட்டம், அது முதல் வட்டத்தை வெட்டும் புள்ளிகள் ஏ, பி… பி அல்ல, ஏ, சி; பி-ஏவும் பி-சியும் தொடுகோடுகள். நடுவில் நான் தடுமாறித் திருத்திய அந்த 'பி அல்ல' என்பதையும் அழிக்காமல் விட்டேன். இருபத்திரண்டு நிமிடப் பாடம் ஒன்பது நிமிடத்தில் முடிந்தது. முடிந்ததும் முதன்முறையாக என் பாடத்தை நானே முழுதும் பார்த்தேன்.

கீழே வந்திருந்த கருவியில் அப்பதிவை ஏற்றி, அதனோடு அனுப்பக் கடிதமும் எழுதினேன். முந்தைய கடிதத்தைக் கிழித்துவிடுமாறும், என்னைப் பொறுத்தருளுமாறும், இனி எந்த நிமிடத்தில் பாடம் நின்றாலும் அந்த நிமிடத்தைத் தாளில் குறித்து அனுப்புமாறும் வேண்டினேன்.

அதன்பின் ஒவ்வொரு ஜீப்பிலும் குறிப்புகள் இறங்கின. 'ரெண்டு நிமிஷம் பத்து செகண்டு: வர்க்கமூலம் எங்கருந்து வந்துச்சு?' 'ஆறாம் நிமிஷம்: சார் கை ஆடுது, கோடு தெரியல.' 'எட்டு: புரிஞ்சிருச்சு, சும்மாதான் எழுதுறேன்.' அடுத்த பதிவை அக்குறிப்புகளிலிருந்தே தொடங்கினேன்.

6. தேர்வுக்குப் பின்

தேர்வு வாரத்தில் இடிந்த பக்கத்தில் மண் மூட்டை அடுக்கி, மாணவரை ஏற்றிவர ஜீப்பிற்கு இசைவு அளித்தனர். எழுவரும் வந்து எழுதினர். தொடுகோடு வரையும் வினா தாளில் வரவே இல்லை. அதற்காக இசக்கி என்னிடம் வருத்தப்பட்டாள்: "அவ்வளவு போட்டுப் பழகினேன் சார், கேக்கவே இல்ல!"

இருவர் தவறினர்; அவர்களுக்குக் கூடுதல் பதிவுகள் செய்து, ஆண்டுத் தேர்வில் தேறச் செய்தோம். இசக்கி அரையாண்டுத் தேர்வில் தேறினாள்; உயர்ந்த மதிப்பெண் அன்று, தேர்ச்சிக்குப் போதுமானது. சுடலைமுத்து அதே வாயிலில் வந்து நின்றார்.

"சார், திருப்பூருக்குப் போன் போட்டுட்டேன். வேற ஆளப் பாத்துக்கன்னு சொல்லிட்டேன். என் தங்கச்சிக்கு என்மேல ஒரே கோவம்."

அன்று அவர் காலில் சேறு இல்லை. உள்ளே வந்து அமர்ந்தார்.

நான் கற்றது சிறிய செய்தி. நேர்வகுப்பில் மாணவரின் பொறுமை ஆசிரியரின் குறையை மூடிவிடும்; கருவிக்கு அப்பொறுமை இல்லை. ஆகவே கருவியை நாடும் இளம் ஆசிரியர்கள் முதலில் தம் பாடத்தைத் தாமே பார்க்கட்டும். பின்னர், அது எங்கே நிறுத்தப்பட்டது என்பதைப் பார்க்கட்டும்.

இக்குறிப்பை நினைவிலிருந்தே எழுதியுள்ளேன். நாள்கணக்கிலோ நிகழ்ச்சிகளின் வரிசையிலோ பிழை இருக்கலாம். அன்று உடனிருந்தோர் திருத்தி உதவ வேண்டுகிறேன். இதனைப் புதிதாகப் படிப்போரிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. எந்த வரியிலேனும் பொருள் விளங்காமல் நின்றிருப்பீர்களாயின், பிழை உங்களுடையதன்று. அங்கே நான் மறைத்துக்கொண்டு நிற்கிறேன் என்று பொருள். அவ்வரியைக் குறித்து அனுப்புங்கள். விலகிக்கொள்கிறேன்.