ஃபிரிட்ஜ் இல்லாத வீடு

பொத்தான்காரி என்றால்தான் எங்கள் தெருவில் அவளைத் தெரியும். தையல் கம்பெனியிலிருந்து சட்டைகள் கட்டுக் கட்டாக அவள் வீட்டுக்கு வரும். முன்பக்கம் ஏழு, கைகளுக்கு இரண்டு, உள் ஓரத்தில் உபரியாக ஒன்று என்று பத்துப் பொத்தான் தைத்தால் ஒரு சட்டை முடியும். விரலுக்கு உறை போட மாட்டாள். "உறை போட்டா ஊசி எங்க இருக்குன்னு விரலுக்குத் தெரியாது" என்பாள். புருஷன் லாரியில் மூட்டை ஏற்றியவர். சர்க்கரை நோய் வந்து, இடது காலில் புண் வந்து, நான்கு வருடமாகக் கட்டிலோடு கிடந்தார். பள்ளிக்கூடம் போகும் இரண்டு பெண்கள். இரண்டாவது மாடியில் ஒரே அறை.

நான் ஆஸ்பத்திரியில் முப்பத்தொரு வருடம் நோயாளிகளைப் பராமரித்தவள். ஓய்வுக்குப் பிறகு வீடு வீடாகப் போய்ப் புண் கழுவிக் கட்டுப் போடுகிறேன். நர்ஸ் படிப்பு படித்ததில்லை என்று எத்தனை முறை சொன்னாலும் எல்லோருக்கும் நான் நர்ஸம்மாதான்.

அந்த ஃபிரிட்ஜை அவளுக்குக் கொடுத்ததே நான். நான் பார்த்துக்கொண்ட ஒரு பெரியவர் காலமானதும் பிள்ளைகள் அதைத் தெருவில் தூக்கிப் போட்டார்கள். முழங்கால் உயரம்தான். தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து, "இன்சுலினைத் தவிர வேறு எதையும் இதுல வைக்காதே" என்று கண்டிப்பாகச் சொன்னேன். வைக்க அவளிடம் வேறு எதுவும் இல்லை.

நோன்பு மாதத்துக்கு முன்னால் பள்ளிவாசல் கமிட்டியிலிருந்து ஏழை வீடுகளைக் கணக்கெடுக்க வருவார்கள். பட்டியலில் இடம் கிடைத்தால் அரிசி, மாவு, பருப்பு, எண்ணெய், பால் பவுடர், பேரீச்சம்பழம் எல்லாம் ஒரு மூட்டையாக வீடு தேடி வரும். சிக்கனமாகப் புழங்கினால் அவர்களுக்கு ஒன்றரை மாதம் ஓடும். ஆறு வருடம் தவறாமல் வந்தது. ஏழாம் வருடம் கணக்கெடுக்க வந்தவர் ஒரு கணக்கு வாத்தியார். வாசலிலேயே நின்றுவிட்டார்.

"ஃபிரிட்ஜ் வாங்கியிருக்கீங்க போல?"

"வாங்கல சார். நர்ஸம்மா குடுத்தது. இவரு மருந்துக்கு."

திறந்து பார்த்தார். மூன்று மருந்துக் குப்பிகள். மூடிவிட்டு ஃபாரத்தில் ஏதோ கிறுக்கினார். அந்த வருடம் மூட்டை வரவில்லை.

நான் விடுவேனா? நேரே வாத்தியாரிடமே போய்க் கேட்டேன்.

"அம்மா, முந்தின வருஷம் ஏசி போட்ட வீட்டுக்காரன் ஒருத்தன் மூட்டைய வாங்கிட்டுப் போயிட்டான். அதுக்கப்புறம்தான் விதியே போட்டோம். ஃபிரிட்ஜ் இருந்தா கிடையாது. ஒருத்தருக்குத் தளர்த்தினா தெருவே வந்து நிக்கும்."

"நீங்கதான் திறந்து பார்த்தீங்களே, உள்ள என்ன இருந்துச்சு?"

"உள்ள என்ன இருக்குன்னு ஃபாரத்துல கேள்வி இல்லம்மா."

அவர் கெட்டவர் இல்லை. பள்ளிக்கூடம் முடிந்து, நோன்போடு மாடி மாடியாக ஏறி இறங்கி மூட்டை சுமந்தவர். அதற்காக எனக்குக் கோபம் குறைந்துவிடவில்லை.

அந்த மாதம் பொத்தான்காரி இரண்டு மடங்கு சட்டை வாங்கித் தைத்தாள். விடியுமுன் பெண்களுக்குச் சாப்பாடு போட்டுவிட்டு, இவள் தண்ணீரை மட்டும் குடித்து நோன்பு வைத்தாள். இன்சுலின் போடுகிற ஆள் நோன்பு வைக்கக் கூடாது என்று நான் புருஷனிடம் சொன்னபோது அவர் சிரித்தார். "வருஷம் பூரா வச்சிட்டுதானே இருக்கோம் நர்ஸம்மா, இந்த ஒரு மாசம் லீவு குடுக்கறீங்களா?"

அடுத்த வருடம் கணக்கெடுப்பு நெருங்கியபோது, கட்டுப் போடப் போன இடத்தில் ஃபிரிட்ஜைக் காணோம். அந்த மூலையில் சட்டைக் கட்டுகள் இருந்தன.

"எங்கடி அது?"

"ரிப்பேருக்குப் போயிருக்கு. மருந்த கீழ் வீட்டு ஃபிரிட்ஜ்ல வச்சிருக்கேன்."

நம்பினேன். கீழ் வீட்டில் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. வாத்தியார் முதல் வாரம் வருவதாகச் சொல்லியிருந்தார். பரீட்சைத் தாள் திருத்தும் வேலையில் பதினேழு நாள் தள்ளிப்போனது.

வெயில் காலம். ஒரு நாள் கட்டைப் பிரித்ததும் வாடை அடித்தது. புண்ணைச் சுற்றிக் கறுத்திருந்தது. சர்க்கரை பார்த்தேன்; கருவியில் எண்ணே வரவில்லை, அளவு மீறிவிட்டது என்று மட்டும் காட்டியது.

"ஊசி போடறியா இல்லையா?"

"ரெண்டு வேளையும் போடறேனே!"

"மருந்த எடுத்துட்டு வா."

கீழே போக வேண்டியவள் மேலே ஏறினாள். நானும் பின்னாலேயே ஏறினேன். மொட்டைமாடியில் தகரக் கொட்டகை. உள்ளே, பழைய விரிப்பு போர்த்தி, ஃபிரிட்ஜ். மின்சார இணைப்பு இல்லை. கதவில் கை வைக்க முடியவில்லை, அப்படிச் சுட்டது. தெளிவாக இருக்க வேண்டிய மருந்து திரிதிரியாகக் கலங்கிக் கிடந்தது.

"பெட்டிக்குள்ளதானே வச்சிருந்தேன் நர்ஸம்மா..."

"கரண்ட் இல்லாத பெட்டி வெறும் அலமாரிடி! என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா திட்டுவீங்க. திரும்பக் கீழ இறக்கச் சொல்லுவீங்க."

"பெட்டி இங்கயே கிடக்கட்டும்னு விட்டிருப்பேன். மருந்துக் குப்பிய உறையில போட்டு ஈர மண்பானைக்குள்ள வைடின்னு சொல்லியிருப்பேன். அந்தப் பதினேழு நாளுக்கு அது தாங்கியிருக்கும்."

"பானையிலயா?" என்றாள். அவளுக்கு அது தெரியாது. ஃபிரிட்ஜ் இருக்கிறதே என்று நானும் அதைச் சொல்லிக் கொடுத்ததில்லை.

ஆஸ்பத்திரியில் இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். அறுவை சிகிச்சையன்று வீட்டுக்கு மூட்டை வந்தது. ஃபிரிட்ஜ் இல்லாத வீடு என்று வாத்தியார் ஏற்கெனவே எழுதிக்கொண்டு போயிருந்தார். மூத்த பெண் கையெழுத்துப் போட்டு வாங்கினாள்.

மறு வருடம் வாத்தியார் வந்தபோது நான் அங்கேதான் இருந்தேன், புருஷனின் இன்னொரு காலைச் சோதித்துக்கொண்டு. ஃபிரிட்ஜ் பழைய மூலையில் ஓடிக்கொண்டிருந்தது. பொத்தான்காரி அதை மறைக்கவில்லை. வாத்தியார் அதைப் பார்த்தார், கட்டிலைப் பார்த்தார், ஃபாரத்தைப் புரட்டினார்.

"உங்களுக்கு உண்டும்மா. கால் இல்லாதவங்க வீட்டுக்கு ஃபிரிட்ஜ் விதி பொருந்தாது. தனிப் பிரிவு."

"இந்த வருஷம் போட்ட விதியா சார்?" என்று கேட்டாள்.

"இல்லம்மா. முதல்லேர்ந்தே இருக்கு."

"அப்ப நாங்கதான் லேட்டு" என்றாள்.

வாத்தியார் ஃபாரத்தில் எழுதி முடித்தார். பிறகு கையெழுத்துக்கு ஃபாரத்தை நீட்டினார். ஊசியைச் சட்டையில் குத்தி வைத்துவிட்டு எழுந்து வந்து போட்டாள். மூட்டை வியாழக்கிழமை வரும் என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த வீட்டுக்குப் போனார். வியாழக்கிழமை வந்தது. வாங்கிக்கொண்டாள்.