சந்துப் பக்கம் ஒரு துளை

குளியலறைக்குள் கால் வைத்ததும் மூக்கை உயர்த்தி மோந்து பார்ப்பாள் அன்புசெல்வி. அதற்கப்புறம்தான் சுவிட்சைப் போடச் சொல்வாள். பழைய எக்சாஸ்ட் ஃபேன் கடகடவென்று சுற்றத் தொடங்கியதும் பனியன் துணிக் கிழிசல் ஒன்றை அதன் முன்னால் தூக்கிப் பிடிப்பாள். துணி போய் ஒட்டிக்கொண்டால் காற்றை இழுக்கிறது என்று பொருள். ஃபேனுக்கும் மரியாதை உண்டு அவளிடம். "இவரு நல்லாத்தான் சுத்தறாருங்க. இழுக்கற காத்தை எங்க கொண்டுபோய் உடறாருன்னு பாக்கோணும்."

திருப்பூரில் பனியன் கம்பெனியில் தைத்துக்கொண்டிருந்தவள். மெஷின் நின்றால் மெக்கானிக் வரும்வரை சும்மா உட்காரப் பொறுக்காமல், கழற்றிக் கழற்றியே எலெக்ட்ரீஷியன் ஆனாள். இப்போது ஸ்கூட்டரின் முன்னால் கருவிப் பையை வைத்துக்கொண்டு பல்லடம் பக்கமெல்லாம் போய்வருகிறாள். "ஆம்பளைங்க யாரும் வரலீங்களா?" என்று கேட்பவர்களிடம் முகம் சுளிக்க மாட்டாள். "ஊட்டுல ஒருத்தரு இருக்காருங்க. பல்பு மாட்டச் சொன்னாவே அவருக்குத் தலை சுத்துமுங்க" என்பாள்.

கடந்த மாதம் சாமளாபுரத்தில் சாமியப்பன் வீட்டில் வேலை. தனியாக இருக்கும் பெரியவர், மூச்சிரைப்புக்காரர். வெந்நீரில் குளித்துவிட்டு வந்தால் ஒரு மணி நேரம் இருமுவார். கூரைப் பலகையெல்லாம் கரும்பூஞ்சை. அன்புசெல்வி ஒரு பலகையைக் கழற்றி டார்ச் அடித்தாள். ஃபேனுக்குப் பின்னால் குழாயே இல்லை.

"ஆவியெல்லாம் பலகைக்கு மேலயே தேங்கி, மறுக்கா உங்க தலைமேலயே எறங்குதுங்க பெரியப்பா. புது ஃபேன் மாட்டினாலும் இதே கதைதானுங்க. குழாய் வெச்சு வெளிய தள்ளோணும்."

மூன்று பக்கம் அறைகள், மேலே தண்ணீர்த் தொட்டி. மிச்சம் சந்துப் பக்கச் சுவர்தான். சந்தோ பக்கத்து வீட்டிலிருக்கும் அவர் தம்பி நாச்சிமுத்துவின் பங்கு. பாகம் பிரித்தபோது நின்ற பேச்சு, இன்றுவரை நின்றதுதான்.

"அவன்கிட்டப் போயிக் கேக்கோணுமா? வேண்டாங் கண்ணு. நான் இருமிக்கிட்டே இருந்துக்கறேன்."

அன்புசெல்வி டிரில்லிங் மிஷினைக் கீழே வைத்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனாள். வாசலில் வண்டி கழுவிக்கொண்டிருந்த நாச்சிமுத்து விஷயத்தைக் கேட்டுவிட்டு, "எங்கண்ணன் கேக்கச் சொன்னாரா?" என்றார்.

"இல்லீங்க. அவரு இருமறது தெருவுக்கே கேக்குது. உங்களுக்குக் கேக்கறதில்லீங்களா?"

அவர் குழாயை மூடினார். ஈரக்கையை வேட்டியில் துடைத்தார்.

"தெனமும் கேக்குதுங்க" என்றார் மெதுவாக. "ஓட்டை போட்டுக்குங்க. மழைத்தண்ணி உள்ள போகாமப் பாத்துக்குங்க."

சுவரைத் துளைத்தாள். உள்ளே சேரும் ஈரம் வெளியே வடியும்படி குழாயைச் சற்றுச் சாய்த்துப் பொருத்தினாள். குழாயின் வெளிமுனையில், காற்று தள்ளினால் மட்டும் திறக்கும் மூடி. கதவின் அடியிலும் ஒரு விரல்கடை இழைத்துவிட்டாள். "வெளிய போற காத்துக்கு ஈடா உள்ள காத்து வரோணுமில்லீங்களா?"

புது ஃபேனை மாட்டிச் சுவிட்சைப் போட்டதும் அது சுற்றியது. அவளே போய்ப் பார்த்திருக்கலாம். ஆனால், "சந்துல மூடி தொறக்குதான்னு பாத்துட்டு வாங்க பெரியப்பா" என்றாள்.

சாமியப்பன் நிலைப்படியில் சிறிது நேரம் நின்றார். பிறகு துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினார்.

புது ஃபேனின் மெல்லிய இரைச்சலோடு, குழாய் வழியே பேச்சு வந்தது.

"காத்து வருதா?"

"வருதுங்கண்ணா. கையை வெச்சுப் பாருங்க."

பிறகு ஒரு இருமல்.

"இதுக்கு ஆசுபத்திரில என்னங்கண்ணா சொன்னாங்க?"

பையைக் கட்டி முடித்திருந்த அன்புசெல்வி அதை மறுபடி திறந்தாள். துடைத்து வைத்திருந்த ஸ்க்ரூ டிரைவரை எடுத்து, கவிழ்த்த வாளியின் மேல் உட்கார்ந்து, நிதானமாகத் துடைக்க ஆரம்பித்தாள்.