கதிர்காமக் கொடிக்குப் பின்னால் யார் வரலாம்?

எங்கள் சங்கச் செயலாளர் பொய் சொன்னார். கண்டியில் பிறந்த சிங்களவர், தெரிந்தே சொன்னார்.

நான் வளைகுடாவில், கராமாவில் தையல்காரன். போன வருஷம் இங்கே ஒரு பள்ளிக்கூட மைதானத்தில் இலங்கைச் சங்கம் கண்டியில் நடப்பதுபோலப் பெரஹரா ஊர்வலம் நடத்தியது. மேளம் நிஜம், ஆட்டம் நிஜம், யானை மட்டும் ஸ்பாஞ்ச். உள்ளே இரண்டு ஆட்கள். அந்த யானைக்கு அங்கி தைத்தவன் நான். இருட்டியதும் பந்தம் கொளுத்தப் போனோம். பட்டாணிய வாட்ச்மேன் ஓடி வந்தான். "பாய், ஹாத்தி டீக். ஆக் மாஃபி!" யானை சரி, நெருப்பு கூடாதாம். சாமி ஊர்வலம் என்றேன். சர்க்கஸுக்கு எதற்கு நெருப்பு என்றான். டார்ச் லைட் பிடித்துக்கொண்டு நடந்தோம்.

காவடி ஒன்றும் கட்டி வைத்திருந்தேன். செயலாளர் பார்த்ததும் முகம் மாறியது. "தம்பி, காவடி வேணாம். கண்டிப் பெரஹராவில அது இல்லை. அது உங்கட கோயில் சாமான்."

இல்லையா? தேயிலைத் தோட்டத்திலிருந்து பஸ் ஏறி வந்து, கண்டித் தெருவோரம் மத்தியானமே சாக்கு விரித்து அம்மாவோடு காத்துக் கிடந்தவன் நான். அந்தப் பெரஹராவில் வரும் கதிர்காமச் சாமி கோயில் ஊர்வலத்தில் சிங்களப் பிள்ளைகளே காவடி ஆடிப் போவார்கள். அம்மா "அரோகரா" என்பாள். பக்கத்துச் சிங்கள அம்மா "ஹரோ ஹரா" என்பார்.

அதற்கு முன்பே, கூடத் தங்கும் யாழ்ப்பாணத்து ரவியும் ரூமில் விடவில்லை. "அங்க சண்டை நடக்குது. நீ உவங்கட யானைக்குச் சட்டை தைக்கிறாய். வெக்கமில்லையேடா?"

"கண்டி என் ஊருடா. நீ எனக்குச் சொல்லாத."

மைதானத்தில் கதிர்காமக் கொடி போனது. பின்னால், காவடி வரவேண்டிய இடத்தில், வெறும் மண். காவடியைத் தோளில் ஏற்றி அங்கே நுழைந்தேன். மேளம் அடித்த சுனில் அண்ணன், கண்டிக்குப் பக்கத்து அம்பிட்டியக்காரர், இங்கே லாரி ஓட்டுகிறவர், திரும்பிப் பார்த்தார். கை ஒரு கணம் நின்றது. பிறகு காவடித் தாளத்தில் விழுந்தது. "நட்டபன் மல்லி!" என்று கத்தினார். ஆடு தம்பி என்று அர்த்தம். ஆடினேன்.

பாதி மைதானம்தான். செயலாளர் அனுப்பிய இரண்டு பேர் என்னைக் கயிற்றுக்கு வெளியே இழுத்துவிட்டார்கள். அவர் மைக்கைப் பிடித்து, கண்டிப் பெரஹராவில் காவடியே கிடையாது, யாரோ தவறுதலாக நுழைந்துவிட்டார் என்று மன்னிப்புக் கேட்டார். என் தையலைப் போர்த்திக்கொண்டு யானை என்னைத் தாண்டிப் போனது. கயிற்றுக்கு இந்தப் பக்கம், வேடிக்கை பார்க்க வந்த ரவி "நான் சொன்னனான்தானே" என்று நின்றான். அவனோடும் நான் போகவில்லை.

செயலாளரே, ரூமுக்கு வந்து சமாதானம் பேசவேண்டாம். மைக்கில் சொன்னதற்கு மைக்கில் பதில் சொல்லுங்கள். வருகிற புத்தாண்டுக் கூட்டத்தில், சுனில் அண்ணனையும் பக்கத்தில் நிறுத்தி, சிங்களத்திலும் தமிழிலும் சொல்லுங்கள்: கண்டிப் பெரஹராவில் காவடி உண்டா, இல்லையா?